எந்தப் பேட்டையில் வீடு பார்க்கலாம்?

தை பிறந்துவிட்டால் சென்னைத் தெருக்களில் பீரோக்களும் கட்டில்களும் வண்டியேறி ஊர்வலம் போவதைக் காணலாம். மார்கழியில் வீடு மாற்றுவோர் அரிது, ஆடியிலும் அப்படியே. ஆகவே நம்மவர் வீடு பார்க்கும் படலம் பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நடைபெறுகிறது.

அந்த வேளையில் சென்னையில் எந்தப் பேட்டைதான் நன்றாக இராது? வெயில் இதமாக இருக்கிறது. மழை ஓய்ந்துவிட்டது. கிணற்றில் நீர் மேலே நிற்கிறது. விடுமுறை நாளாதலால் சாலையில் ஓசை குறைவு. திருவல்லிக்கேணியும் அம்பத்தூரும் அன்று ஒன்றுபோலவே தோன்றும். ஒரு பேட்டைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடுகள் எல்லாம் ஏறக்குறையச் சுழியாகிவிடும் நேரம் அது. அந்த நேரம் பார்த்து அளவெடுக்கப் போனால் கருவி எதைக் காட்டும்?

என்னுடன் பணியாற்றும் கணிதப் பேராசிரியர் ஒருவர் சென்ற தை மாதத்தில் என்னிடம் வந்தார். "சார், வேளச்சேரியில் ஒரு வீடு, திருவான்மியூரில் ஒரு வீடு, முகப்பேரில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். திருவான்மியூர் வீடு மட்டும் கொஞ்சம் சிறிது. மற்றபடி வாடகை ஒன்றுதான். மூன்றிலும் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது. வயதான அம்மா உடன் இருக்கிறார்கள். எதை எடுக்கலாம், சொல்லுங்கள்" என்றார்.

வாசகர்களே, இதற்கு நான் சொன்ன விடை இதுதான்: மூன்று இடங்களையும் அவற்றின் நல்ல நேரத்தில் ஒப்பிடாதீர்கள், மிகக் கெட்ட நேரத்தில் ஒப்பிடுங்கள். மே மாதத்துப் பிற்பகல், அதே நாளின் இரவு, கார்த்திகை மாதத்துப் பெருமழை, சூன் மாதத்துக் குழாய்க்கிணறு ஆகிய நான்கும் ஓர் இடத்தின் உண்மையான குணத்தைச் சொல்லும். ஏன் அவ்வாறு என்பதைக் காண்போம்.

கடற்காற்று எப்போது வரும்?

ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே எடையுள்ள உலர்ந்த மணலுக்கு 0.8 கிலோஜூல் போதும். அன்றியும், கடலில் விழும் வெயில் ஆழம் வரை இறங்குகிறது. அலைகள் அதைக் கலக்கிவிடுகின்றன. மணலிலோ மேல்தோல் மட்டுமே காய்கிறது. எனவே முற்பகலில் நிலம் விரைந்து சூடேறுகிறது. அதன்மேல் உள்ள காற்று விரிந்து மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று கரையை நோக்கி வருகிறது. இதுவே கடற்காற்று. இது பள்ளிப் பாடத்திலேயே உள்ளது.

பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கடற்காற்று நகரம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் திருவான்மியூர், மயிலாப்பூர் போன்ற கரையோரப் பகுதிகளுக்கு வருகிறது. பிறகே படிப்படியாக மேற்கே நகர்கிறது. கோடையில் அதற்கு எதிரியும் உண்டு. மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு நம் முன்னோர் 'கோடை' என்றே பெயரிட்டனர். வாடை வடக்கு, தென்றல் தெற்கு, கொண்டல் கிழக்கு, கோடை மேற்கு. மே, சூன் மாதங்களில் நிலத்தின்மேல் காய்ந்து வரும் இந்தக் கோடைக்காற்றும் கொண்டலாக வரும் கடற்காற்றும் நகரத்தின் மேலேயே மோதிக்கொள்கின்றன. கடற்காற்று வென்றால் வெப்பமானி சில நிமிடங்களில் பல டிகிரி இறங்கும். அது தாமதித்தால் பகல் முழுதும் ஏறிக்கொண்டே போகும். 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

வானிலைத் துறைக்குச் சென்னையில் இரண்டு நிலையங்கள் உள்ளன. கடலுக்குச் சற்று அருகில் இருப்பது நுங்கம்பாக்கம். உள்ளே தள்ளி இருப்பது மீனம்பாக்கம். கோடை நாள்களில் செய்தித்தாளைப் பார்த்து இரண்டின் உச்ச வெப்பநிலையையும் ஒரு மாதம் குறித்து வாருங்கள். பல நாள்களில் மீனம்பாக்கம் ஒன்றிரண்டு டிகிரி முந்தி நிற்பதைக் காண்பீர்கள். இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான்.

அப்படியானால் கரையோரப் பேட்டையே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள். கடற்காற்று வெறுங்கையுடன் வருவதில்லை. நீராவியைச் சுமந்து வருகிறது. நம் உடலைக் குளிர்விப்பது வியர்வை. வியர்வை எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பது, தோலில் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றில் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. கரையில் 35 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும், உள்ளே 39 டிகிரி வெப்பமும் 35 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். தோலின் வெப்பநிலை 35 டிகிரி என்றால் அங்கே நீராவி அழுத்தம் சுமார் 42 மில்லிமீட்டர் பாதரசம். கரைக்காற்றில் அது 27, உள்ளே 18. வேறுபாடு கரையில் 15, உள்ளே 24. அதாவது, வெப்பமானி கூடுதலாகக் காட்டும் இடத்தில் வியர்வை ஒன்றரை மடங்குக்கு மேல் விரைவாக உலர்கிறது! கடற்கரைவாசிகள் "வெயில் இல்லை, ஆனால் கசகசக்கிறது" என்று சொல்வதன் கணக்கு இதுதான்.

ஆனால் உள்ளே 39 டிகிரியில் காற்று தோலைவிடச் சூடானது. மின்விசிறி அங்கே நம்மீது வெப்பத்தைத்தான் வாரியடிக்கிறது. வியர்வை வற்றாதவரை தாங்கலாம். முதியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரிவதில்லை, வியர்ப்பதும் குறைவு. ஆகவே பேராசிரியரின் தாயாருக்கு எது ஏற்றது என்பதை வெப்பமானியை மட்டும் கேட்டால் போதாது. சாதாரண வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, விசிறியின் கீழ் வைத்துப் பாருங்கள். மேற்சொன்ன கரையில் அது 29 டிகிரியைக் காட்டும். உள்ளே 26 அல்லது 27. உலர்ந்த குமிழ், ஈரக் குமிழ் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவனே நேர்மையான நடுவன்.

இன்னொன்று. 'கடற்கரைக்கு அரைக் கிலோமீட்டர்' என்று தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் உங்கள் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறதா, வடக்கு தெற்காக ஓடுகிறதா என்று பாருங்கள். கிழக்கு நோக்கித் திறந்த தெருவில் காற்று தடையின்றி நுழையும். குறுக்குத் தெருவில் முன்னால் நிற்கும் ஐந்து மாடிக் கட்டடம் அதை வாங்கிக்கொள்ளும். கடலுக்கு மிக அருகில் இருந்தும் புழுங்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் சுடும் கூரை

பகல் வெயிலைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இரவு வெப்பத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உறக்கம் கெடுவது அதனால்தான்.

600 சதுர அடி வீட்டின் காங்கிரீட் கூரை, ஐந்து அங்குலப் பருமன் என்று கொள்வோம். கன அளவு ஏறக்குறைய 7 கனமீட்டர். எடை 17 டன். மே மாதப் பகலில் அது 10 டிகிரி மட்டுமே கூடுதலாகச் சூடானாலும், அதனுள் தேங்கும் வெப்பம் சுமார் 150 மெகாஜூல். மின்சாரக் கணக்கில் 41 யூனிட். ஆயிரம் வாட் மின்னடுப்பு ஒன்று 41 மணி நேரம் எரிந்தால் தரும் வெப்பத்தை உங்கள் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நீங்கள் படுக்கப் போகிறீர்கள். இந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். பாதி வானத்துக்கும் பாதி அறைக்குள்ளும் போகிறது. மாடி வீட்டுக்காரர்கள் மாலையில் மொட்டைமாடியில் நீர் தெளிப்பது வீண் வேலையன்று. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூலை எடுத்துச் செல்கிறது. ஆனால் சூன் மாதத்தில் தெளிப்பதற்கு நீர் வேண்டுமே!

தெருக்களுக்கும் இதே கதைதான். சுவர்களும் சாலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வானத்தை நோக்கிக் கதிர்வீசிக் குளிர்கின்றன. அதற்கு வானம் தெரிய வேண்டும். திருவல்லிக்கேணியின் சந்துகளில் நின்று அண்ணாந்து பாருங்கள். வானம் ஒரு நாடாவைப்போல் தெரியும். ஒரு சுவர் வீசும் வெப்பத்தை எதிர்ச் சுவர் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. அண்ணாநகரின் அகன்ற சாலையில் வானம் விரிந்து கிடக்கிறது. பகலில் சந்துக்கே நிழல் அதிகம் என்பதையும் மறக்கக்கூடாது. பழைய தெருக்களை அமைத்தவர்கள் அறியாமையால் அவற்றைக் குறுகலாக அமைக்கவில்லை. ஓரடுக்கு ஓட்டு வீடுகள் இருந்த காலத்தில் அந்த அகலம் பொருந்தியது. அதே தெருவில் நான்கு அடுக்குகள் எழும்பியபோதுதான் வானம் மறைந்தது.

மரங்கள் நிற்கும் தெரு இந்த இரண்டிலும் ஆதாயம் பெறுகிறது. ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை ஆவியாக்குவதாகக் கொண்டால், அது அப்புறப்படுத்தும் வெப்பம் 240 மெகாஜூல். நாம் கணக்கிட்ட கூரையின் வெப்பத்தைவிட அதிகம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. மரம் போன தெருவின் பழைய வாடகைக்காரர்களைக் கேட்டால், புயலுக்கு முந்திய கோடையையும் பிந்திய கோடையையும் ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

நீர் தன் மட்டத்தை மறப்பதில்லை

இனி மழைக்கு வருவோம். இங்கே என் சொந்த அறியாமையைச் சொல்லியாக வேண்டும்.

2015இல் நான் வேளச்சேரியில் தரைத்தள வீடொன்றில் குடியிருந்தேன். கல்லூரியில் திரவ அழுத்தம் நடத்துபவன், வீடு எடுக்கும்போது வாசற்படி எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. டிசம்பர் 1 இரவு நீர் உள்ளே வந்தது. முதலில் சமையலறையில் ஓர் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தால் குளிர்பதனப் பெட்டி சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிப்பரப்பு 0.36 சதுர மீட்டர், எடை 60 கிலோ. அரை அடிக்குச் சற்று மேல் நீர் நின்றாலே ஆர்க்கிமிடீசு தத்துவப்படி அது மிதந்தாக வேண்டும். இதை நான் வகுப்பில் மரக்கட்டையை வைத்துப் பலமுறை விளக்கியிருக்கிறேன். புத்தகங்கள், சான்றிதழ்கள், குழந்தையின் தொட்டில் எல்லாம் போயின. இரண்டு நாள் பக்கத்து வீட்டு மாடியில் இருந்தோம்.

அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் இவ்வளவு மழை பெய்தால் நீரின் அளவு 49 கோடி லிட்டர். கோடையில் நாம் காத்திருக்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் 40,000க்கு மேல்! இது ஓடிப் போகச் சரிவு வேண்டும். சென்னையின் பெரும்பகுதியோ கடல் மட்டத்துக்கு மேல் பத்து மீட்டருக்குள் கிடக்கும் சமதளம். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர்கூடச் சரியாத இடங்கள் பல.

வெள்ளம் இருவகை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை போன்ற பகுதிகளை 2015இல் மூழ்கடித்தது அடையாற்றின் வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டதாக அரசின் கணக்கு. வழியில் பெய்த மழையும் கால்வாய்களின் நீரும் அதனுடன் சேர்ந்தன. இவ்வகை வெள்ளம் விரைந்து ஏறும். ஆறு வடிந்தால் இறங்கும். வேளச்சேரியின் வெள்ளம் வேறு. அது வந்து தங்கும் வெள்ளம். அப்பகுதியின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் பக்கம் கடலில் சேர வேண்டும். சதுப்பு நிலம் ஒரு பெரிய கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் வீடுகளையும் குப்பை மேட்டையும் நிரப்பிவிட்டால் நீர் எங்கே நிற்கும்? கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் வடிகாலும் மெதுவாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் அதே பகுதியில் நீர் பல நாள் நின்றது. நகரின் நடுவே குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகள் எழுப்பப்பட்டதும் இந்தத் தாழ்நிலப் பக்கமே. மூன்று பேட்டைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

ஊர்ப்பெயர்களுக்கும் காது கொடுங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் ஆகியவை எங்கே இருந்தன என்று பெயரே சொல்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரிப் பகுதி என்றே ஓர் இடம் உண்டு. 1920களில் தியாகராய நகர் உருவானது, வெள்ளையர் 'லாங் டேங்க்' என்றழைத்த நீண்ட ஏரியின் படுகையில்தான். பெயரை மட்டும் நம்பி வீட்டைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. 'மேடு' என்று முடிவதால் நம்பி எடுக்கவும் சொல்லவில்லை. பெயர் ஒரு சாட்சி, அவ்வளவே.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீர் நிரப்பிய ஒளிபுகும் ரப்பர் குழாய் போதும். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை வாசற்படியிலும் மறுமுனையைத் தெருக்கோடிக் கல்வெட்டுப் பாலத்தின் மேல்விளிம்பிலும் பிடித்தால், உங்கள் வீடு மேலா கீழா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய வீடு பள்ளத்தில் இருப்பதும் இவ்வாறு வெளிப்படும். சாலையை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால், வீடு இருந்த இடத்திலேயே இருக்க, சாலை உயர்ந்துவிடுகிறது.

கிணறும் காதும்

கரையோரப் பேட்டைகளின் நிலத்தடி நீரைப் பற்றி டச்சுக்காரர் கிபனும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட ஓர் உண்மை உண்டு. நன்னீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று வைத்துக் கணக்கிட்டால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மகிழ்ச்சிதான். ஆனால் மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை அரை மீட்டர் தாழ்த்தினால், கீழே உப்புநீர் 20 மீட்டர் ஏறி வந்துவிடும். திருவான்மியூர் மணலில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் சிக்கனமாக இருந்து பயனில்லை. தெரு முழுவதும் ஒரே கிண்ணத்தில் உறிஞ்சுகிறது. நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நன்று. வேறு நீர் இல்லாவிடில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தை மாதத்து அளவு உங்களை ஏமாற்றும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்ட 2019 கோடையில் இந்த வீட்டுக் கிணறு என்ன தந்தது என்று கேளுங்கள்.

ஓசையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் அனுமதிப்பது பகலில் 55 டெசிபல், இரவில் 45. இடைவிடாது வண்டிகள் ஓடும் சாலை ஒரு கோட்டு மூலம் என்பதால், தொலைவு இருமடங்கானால் ஓசை 3 டெசிபல்தான் குறையும். சாலையோர வீட்டை விட்டு இன்னும் பத்து மீட்டர் தள்ளிப் போவதால் பெரிய பயன் இல்லை. நடுவே ஒரு வரிசைக் கட்டடம் வந்துவிட்டால் பெரும் பயன் உண்டு. ஆகவே பிரதான சாலையில் வீடு பார்ப்பவர், அதே வாடகைக்கு அடுத்த தெருவைப் பார்க்கட்டும். வேலை நாளன்று இரவு பத்தரை மணிக்குப் போய்ச் சன்னலைத் திறந்து நின்று பாருங்கள்.

"இதெல்லாம் சரி சார், இப்போது தை மாதம். மே மாதத்துக்கும் கார்த்திகைக்கும் நான் எங்கே போவேன்?" என்று பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆண்டு முழுவதும் பதிவு செய்யும் கருவி ஒவ்வொரு தெருவிலும் உண்டு. தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர், எதிர்வீட்டுக் காவலாளி, கீரை கொண்டுவரும் அம்மாள். வீட்டுச் சொந்தக்காரருக்கும் தரகருக்கும் மறந்துபோகும் செய்திகள் இவர்களுக்கு மறப்பதில்லை. வாடகையில் இவர்களுக்குப் பங்கும் இல்லை.

அவர் போனார். வேளச்சேரி வீட்டின் மதிற்சுவருக்குப் புதுச் சாயம் அடித்திருந்தது. இஸ்திரிக்காரர் பேச்சின் நடுவே, கையைத் தம் இடுப்புக்கு மேலே நீட்டிக் காட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாராம். திருவான்மியூர் வீட்டில் கிணற்று நீர் கோடையில் சோப்புக்கு நுரைக்காது என்று மாடியில் குடியிருந்தவரே சொன்னார். முகப்பேரில் தெருவுக்குத் தெரு மட்டம் மாறுகிறது என்பதை ரப்பர் குழாயைக் கொண்டு அவரே கண்டுபிடித்து, பார்த்திருந்த வீட்டை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி வேறொன்றைப் பிடித்தார். மூன்று தள வீட்டில் நடுத்தளம். கூரைச் சூடு மேல்வீட்டுக்காரருக்கு. வாசலில் ஒரு புங்கமரம் நிற்கிறது.

முதல் கோடை கழிந்துவிட்டது. கடற்காற்று நான்கு மணிக்கு முன் எட்டிப் பார்ப்பதில்லை என்று அவருடைய தாயார் மட்டும் குறைப்பட்டுக்கொள்கிறார்களாம். நாற்பது ஆண்டு மயிலாப்பூரில் இருந்தவர்கள்.